வாடை நின்ற தொட்டி

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் ஹேரானைச் சமையலறையில், அழவும் முடியாமல் சண்டை போடவும் முடியாமல் விட்டுவிட்டு வந்தோம். "இந்த வருஷம் தொட்டிக்குள்ள கள் ஊத்தப்போறது யாருன்னு படையல் அன்னிக்குத்தான் சொல்வேன்" என்று மாமனார் தாக் பொங்சூ சாப்பாட்டு மேசையில் அறிவித்திருந்தார். வெளியாளுக்கு அது சாதாரணப் பேச்சு. அந்த வீட்டில் அதுதான் உயில்.

பூசானை அடுத்த கிஜாங் கடற்கரையில் நெத்திலியை உப்பில் ஊறவைத்துச் சாறு எடுக்கிற குடும்பம் அது. கிம்ச்சி ஊறுகாய் போடும் பருவம் தொடங்கி வியாபாரம் சூடு பிடிப்பதற்கு முன்னால் எல்லா ஆலைகளிலும் கோசா என்ற படையல் உண்டு. மற்ற ஆலைக்காரர்கள் கள்ளை நாலு மூலையிலும் தெளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். பொங்சூ வீட்டில் அப்படி இல்லை. வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் ஏணி வைத்து நிலத்தடித் தொட்டிக்குள் இறங்க வேண்டும். அடித்தரையில் ஒரு கிண்ணம் கள்ளை ஊற்றி, "இந்த வருஷமும் காப்பாத்து!" என்று மேலே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி கூவ வேண்டும். எவன் கூவுகிறானோ அவன் கையில்தான் ஆலை.

இத்தனை வருஷமும் மூத்தவன் சாங்தே கூவினான். அவன்தான் ஹேரானின் கணவன். வசந்தத்தில் இளையவன் தோவான் சியோலில் நடத்திய கோழி வறுவல் கடையை மூடிவிட்டு, ஒரே ஒரு பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து பெரியவருக்குச் சின்னப் பிள்ளைமேல் புதுப் பாசம். சாங்தே எதையும் வெளியில் காட்டவில்லை. ராத்திரியில் மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்தான்.

ஹேரானுக்கும் அது வயிற்றெரிச்சல்தான். ஆனால் படையல் நாள் காலையில் அவளுக்கு வேறொரு பயம் வந்தது. அந்தப் பயத்துக்கு முன்னால் சொத்தாவது ஒன்றாவது.

எப்போதும் கள் ஊற்றுகிற மூன்றாம் தொட்டியின் மூடியைத் திறந்தார்கள். முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

"ஐயோ, குடலப் பிடுங்குதே!" என்று கத்தினாள் ஓக்சுன். நெத்திலி பிரிக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி அவள். வாயாடி, நல்லவள். "கூமுட்டைய மொத்தமா உடைச்சு ஊத்தின மாதிரி இருக்கு முதலாளி!"

பொங்சூ மட்டும் நகரவில்லை. தொட்டி ஓரத்தில் நின்று இழுத்து முகர்ந்தார்.

"மீன் சாறு போடுற இடத்துல மல்லிப்பூ வாசனையா வரும்? போங்கடி வேலையப் பாக்க."

அந்த மூக்கு ஊர் பூராவும் பேர் போனது. ஒரு சொட்டுச் சாற்றை உள்ளங்கையில் விட்டு முகர்ந்து, எந்த வாரம் பிடித்த மீன், எந்த உப்பு என்று சொல்லிவிடுவார். வியாபாரிகள் வரிசையில் நின்று அவர் மூக்கைக் கேட்டுவிட்டுத்தான் விலை பேசுவார்கள். அப்பாவுக்கு முன்னால் தாத்தா, தாத்தாவுக்கு முன்னால் அவர் அப்பா என்று மூக்கையே பட்டாவாக வைத்துக்கொண்டு பிழைத்த பரம்பரை.

ஹேரான் மூன்றாம் தொட்டியை எட்டிப் பார்த்தாள். எப்போதும் வசந்தத்திலேயே சாற்றை இறைத்து, அடிச் சேற்றை வாரி, கழுவிவிடுவார்கள். இந்த வருஷம் வாங்க வேண்டியவர் கைவிரித்துவிட்டதால் அந்தத் தொட்டிச் சாறு தேங்கிப்போய், போன வாரம்தான் இறைத்தார்கள். அடியில் மீன் சேறு கோடை முழுக்க மூடி போட்டுக் கிடந்திருக்கிறது. மேலே ஆடை கட்டிப் பளபளவென்று இருந்தது. பக்கத்து நாலாம் தொட்டி வசந்தத்திலேயே கழுவிக் காய்ந்தது; கழுவ இறக்கிய ஏணி இன்னும் அதற்குள்ளேயே நின்றது. இரண்டுக்கும் நடுச்சுவரில், அடியில், ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு துவாரம் உண்டு. சாறு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடுவதற்காகப் பொங்சூவே வாலிப வயதில் கட்டியது.

ஆலைக்குப் பாதுகாப்பு அதிகாரி என்று ஒரு பெயர் வேண்டும் என்று அரசாங்கம் நெருக்கியபோது, "மருமக பேரப் போடு, அவதான் சும்மா இருக்கா" என்று சொன்னவர் பொங்சூதான். சும்மா இருக்கிறாளாம்! கணக்கு, சமையல், சரக்கு எல்லாம் யார் பார்க்கிறார்களாம்? இருந்தாலும் ஹேரான் பூசானுக்குப் போய் வகுப்பில் உட்கார்ந்தாள். முதல் நாள் தூக்கம் வந்தது. இரண்டாம் நாள் வாத்தியார் ஒரு புகைப்படம் காட்டினார். தொட்டி வாயில் வரிசையாக விட்டுப்போன ரப்பர் செருப்புகள்.

"முதல் ஆள் தெரியாம இறங்கினான். மத்தவங்க எல்லாரும் அவனக் காப்பாத்த இறங்கினாங்க" என்று சொல்லிவிட்டு வாத்தியார் படத்தை மாற்றினார்.

கைப்பணத்தில் அவள் ஒரு கேஸ் மீட்டர் வாங்கி வந்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் பெட்டி, விஷக் காற்று பட்டால் கத்தும். ஆலையில் எல்லாரும் அவளைப் 'பாதுகாப்பு மேடம்' என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

அதைக் கயிற்றில் கட்டி மூன்றாம் தொட்டிக்குள் இறக்கினாள். பாதிகூட இறங்கவில்லை, கீச்சென்று காதைக் கிழித்தது.

"பாத்தீங்களா மாமா?"

"கேட்டேன். அதுக்குக் கத்துறதத் தவிர வேற என்ன தெரியும்? நேத்து சோஜு பாட்டிலத் திறந்தேன், அதுக்கும் கத்துச்சு."

"மாமா, விளையாட்டு இல்ல. இதுக்குள்ள யாரும் இறங்கக் கூடாது."

"மூடியத் திறந்துதானே வெச்சிருக்கு? சாயங்காலத்துக்குள்ள காத்து போயிடும். என் மூக்கு சொல்லும் எப்போ இறங்கலாம்னு."

தோவான் பின்னால் நின்று இளித்தான். "அண்ணி, படிச்சுட்டு வந்ததுலேருந்து நம்ம வீட்டுக் கழிப்பறைக்குப் போகக்கூட உங்ககிட்ட அனுமதி வாங்கணும்போல!"

"நீ அங்க போய்ட்டு வந்தா நாங்கதான் அனுமதி வாங்கணும்" என்றாள் ஹேரான். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வாடகைக்கு எடுத்திருந்த காற்று ஊதும் மெஷினைத் தேடினாள். முந்தின நாள் மழையில் நனைந்த பாய்களை அதை வைத்துக் காயவைத்துக்கொண்டிருந்தான் சாங்தே.

"ஏங்க, அது தொட்டிக்கு எடுத்தது!"

"விருந்தாளிங்க ஈரப் பாய்லயா உக்காருவாங்க? அப்பா சொன்னாரு. காயட்டும், தரேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். இன்றைக்கு அப்பா யார் பெயரைச் சொல்வாரோ என்று ராத்திரி முழுக்கத் தூங்காத முகம் அது.

மதியச் சாப்பாடு முடிந்து ஓக்சுன் பல் குத்திக்கொண்டே வந்தாள்.

"மேடம், ஒரு நல்ல சேதி. வாடை நின்னுபோச்சு! மூணாம் தொட்டி கிட்ட போய் நின்னு பாத்தேன், ஒண்ணுமே தெரியல."

ஹேரான் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள். நல்ல சேதியாம்!

அவள் ஓடிப்போனபோது பொங்சூ ஏற்கெனவே அங்கே குந்தியிருந்தார். குழிக்குள் தலையைக் குனிந்து முகர்ந்துவிட்டு, வெற்றிச் சிரிப்போடு நிமிர்ந்தார்.

"என்ன சொன்னேன்? சுத்தமாயிடுச்சு."

"தலைய எடுங்க மாமா! காலையிலேருந்து மோந்து மோந்து எல்லாருக்கும் மூக்கு மரத்துப்போயிருக்கு. இந்தக் காத்து கொஞ்சமா இருந்தா நாறும். அதிகமா இருந்தா முதல்ல மூக்கத்தான் கொல்லும். அதுக்கப்புறம் ஆள."

"என் மூக்கு செத்துப்போச்சுன்னு சொல்றியா?"

அந்த வீட்டில் பெரியவரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், குடிகாரர் என்று சொல்லலாம், கஞ்சன் என்று சொல்லலாம், அதை மட்டும் சொல்லக் கூடாது. ஹேரானுக்கும் அது தெரியும். மீட்டரை இறக்கினாள். தொட்டி வாயில் அது சும்மா இருந்தது. பொங்சூ புருவத்தைத் தூக்கினார். இன்னும் இறக்கினாள். அடியை நெருங்கியதும் அலறியது.

"கேட்டீங்களா? அடியில படுத்திருக்கு. அந்தச் சேத்துல ஒருத்தன் கால வெச்சான்னா ஆடை உடைஞ்சு உள்ள இருக்கிறதெல்லாம் ஒரேயடியா மேல வரும்."

பெரியவர் எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு, அதிசயம், குரலை இறக்கினார்.

"சரிம்மா. நீ சொல்றபடியே ஆகட்டும். இந்த வருஷம் மேல நின்னே ஊத்திக்கலாம். போதுமா?"

"நிஜமாவா மாமா?"

"நான் என்ன குழந்தையா, பொய் சொல்ல? ஆனா அந்தக் கத்துற சனியன இங்க குடு. பெரிய மனுஷங்க கும்பிடுற நேரத்துல அது கத்தி மானத்த வாங்கும்."

யாரும் இறங்கப்போவதில்லை என்றால் மீட்டர் எதற்கு? கொடுத்துவிட்டாள். அவர் அதைக் கைத்துண்டில் சுற்றிக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டார். மனசின் ஒரு மூலை மட்டும், இந்த மனுஷன் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் ஒத்துக்கொண்டதே இல்லையே என்று முனகியது. ஹேரான் அதை அடக்கிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அந்த முனகலைக் கேட்டிருக்கலாம்.

வெயில் தாழ்ந்ததும் விருந்தாளிகள் வந்து சேர்ந்தார்கள். மேசையில் வேகவைத்த பன்றித் தலை கண்ணை மூடிச் சிரித்தது. வந்தவர்கள் அதன் வாயில் பணத்தைச் செருகிவிட்டுக் கேலி பேசினார்கள். வெள்ளை நூல் சுற்றிய காய்ந்த மீன், பேரிக்காய், மெழுகுவர்த்தி எல்லாம் வரிசையாக இருந்தன. சிவப்புப் பயறு தூவி அவித்த அரிசிப் பிட்டு மட்டும் வரவில்லை.

"மூத்த மருமகளே, பிட்டு எங்க?" என்று பொங்சூ குரல் கொடுத்தார்.

அவள் உள்ளே போய் ஆவி பறக்கும் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். எல்லாரும் பன்றித் தலைக்கு முன்னால் நெற்றி தரையில் படக் குனிந்திருந்தார்கள். சாங்தேயும் குனிந்திருந்தான். ஆனால் அவன் தோள்கள் குலுங்கின. அழுகிறானா? ஏன்?

கள் ஊற்றும் பித்தளைக் கிண்ணம் மேசையில் இல்லை.

முற்றத்தின் கோடியில், மூன்றாம் தொட்டி வாயில், தோவான் புதுக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஏணியில் கால் வைத்துக்கொண்டிருந்தான். கையில் கிண்ணம்.

"தோவான்! இறங்காதே! மேல வா!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஒரு கணம் தயங்கினான் என்றுதான் ஹேரான் இன்றுவரை நம்புகிறாள். பொங்சூ தலையைக் கூடத் திருப்பவில்லை.

"அவ பேச்சக் கேக்காத. அவ புருஷன் பேர நான் சொல்லலைன்னு கத்துறா. இறங்குடா."

தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். அவன் தலை தரைக்குக் கீழே போய்விட்டது. கிண்ணத்தில் கள் தளும்பும் சத்தம், சேற்றில் கால் புதையும் சத்தம், பிறகு அவன் குரல். கெத்தாக, ஊருக்கே கேட்கும்படி.

"இந்த வருஷமும் காப்..."

கிண்ணம் விழுந்து உருண்டது. அவ்வளவுதான்.

"தோவான்?" என்றான் சாங்தே, முழந்தாளிலிருந்தே. பிறகு ஓடி வந்தான்.

சொத்தும் இல்லை, பொறாமையும் இல்லை. தம்பி விழுந்துவிட்டான், அண்ணன் ஓடுகிறான். எந்த அண்ணனும் ஓடத்தான் செய்வான். ஹேரானின் கண்ணுக்கு முன்னால் அந்த ரப்பர் செருப்புகள் வந்தன. அவள் யோசிக்கவில்லை. ஏணியைப் பிடித்து இழுத்தாள். பாரம். சேறு அதன் காலைக் கவ்விக்கொண்டிருந்தது. ஓக்சுன் எங்கிருந்தோ வந்து மறுபக்கம் பிடித்தாள். ஏணி மேலே வந்தது. இருவரும் அதை முற்றத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளினார்கள்.

"பைத்தியமா நீ! அவன் உள்ள கிடக்கான்!" சாங்தே அவளை உதறினான். குதிக்கப் போனான். ஹேரான் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு தரையில் விழுந்தாள்.

"இறங்கினா ரெண்டு பொணம்! கேளுங்க, ரெண்டு பொணம்! இன்னும் உயிர் இருக்கலாம், காத்து விட்டா பிழைப்பான்! ஓக்சுன், மெஷின்! யாராவது தீயணைப்புக்குப் போன் போடுங்க, தொட்டிக்குள்ள ஆள் விழுந்துட்டான், கேஸ்னு சொல்லுங்க!"

ஓக்சுன் காற்று மெஷினைப் பாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தாள். வயர் எட்டவில்லை. ஒரு விருந்தாளி மேசைக்குப் போட்டிருந்த விளக்கு வயரைப் பிடுங்கி நீட்டினார். குழாயைக் குழிக்குள் விட்டதும் மெஷின் உறுமியது. நாற்றம் குப்பென்று மேலே வந்தது. எல்லாரும் பின்வாங்கினார்கள்.

கீழே தோவான் சேற்றில் பக்கவாட்டில் கிடந்தான். ஒரு கை மட்டும் தெரிந்தது. அசையவில்லை. இப்படி மேலே நின்று வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் கொடுமை உலகத்தில் இல்லை. ஹேரானுக்கே இறங்கிவிடலாம் போல இருந்தது. குழாயை அந்தக் கையின் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

பொங்சூ அவள் முன்னால் வந்து நின்றார். முகம் சாம்பலாக இருந்தது.

"ஏணியப் போடு."

"மாட்டேன் மாமா."

"மூத்தவனுக்கு ஆலை வேணும். அதுக்கு என் சின்னவனக் கொல்றே. அதானே? ஊரே பாத்துக்கிட்டு இருக்கு, சொல்லு!"

விருந்தாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாளைக்குச் சந்தையில் இதுதான் பேச்சு என்று ஹேரானுக்குத் தெரிந்தது.

"அப்படியே வெச்சுக்கங்க. ஏணி போடமாட்டேன்."

"அப்பா..." என்றான் சாங்தே. அவன் இப்போது குதிக்க முயலவில்லை. மனைவியின் பக்கத்தில் குப்புறப் படுத்து, குழிக்குள் கத்திக்கொண்டிருந்தான். "டேய் தோவான்! ஆலைய நீயே வெச்சுக்கடா! எனக்கு வேண்டாம்! எழுந்திருடா!"

பெரியவர் திரும்பினார். போய்விட்டார். எங்காவது உட்காரப் போயிருப்பார், உட்காரட்டும், மெஷினை நிறுத்தாமல் இருந்தால் போதும் என்று ஹேரான் நினைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சைரன் கடற்கரைச் சாலையில் கேட்டது. வண்டி உள்ளே வந்தது. முதுகில் காற்றுக் குடுவையும் முகத்தில் மூடியுமாக இரண்டு வீரர்கள் கயிற்றில் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் கயிற்றை இழுக்கச் சொன்னார்கள்.

தோவான் மேலே வந்தான். உடம்பெல்லாம் சேறு. பாயில் கிடத்தி முகத்தில் ஆக்சிஜன் மூடியை வைத்து அழுத்தினார்கள். ஒரு வீரர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"நாடி இருக்கு. மூச்சு வருது!"

சாங்தே வாய்விட்டு அழுதான். ஓக்சுன் ஹேரானின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "பாதுகாப்பு மேடம், பாதுகாப்பு மேடம்" என்று அதையே சொல்லி முதுகைத் தட்டினாள். இந்த முறை அதில் கேலி இல்லை.

"உள்ள வேற யாராவது?" என்று கேட்டார் வீரர்களின் தலைவர்.

"யாரும் இல்ல" என்றாள். "ஒருத்தன்தான்."

"அந்த மெஷின நிறுத்துங்க, ஒருத்தருக்கொருத்தர் பேசுறது கேக்கல."

மெஷின் நின்றது. முற்றத்தில் மெழுகுவர்த்தி எரிகிற சத்தம்கூடக் கேட்கும் போல ஆனது.

அப்போது ஒரு கீச்சொலி கேட்டது. மெலிதாக, துணிக்குள் சுற்றி வைத்ததுபோல, நிற்காமல். சுற்றிலும் பார்த்தார்கள். மேசையிலிருந்து வரவில்லை, வண்டியிலிருந்து வரவில்லை. காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

ஹேரான் மெதுவாகத் திரும்பினாள். நாலாம் தொட்டியின் மூடி ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. அதன் ஓரத்தில், படையலுக்கென்று பாலிஷ் போட்ட ஒரு ஜோடி கறுப்புச் செருப்பு, வீட்டு வாசலில் விடுவதுபோல ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்திருந்தது.

இரண்டு தொட்டிக்கும் நடுவே அடியிலிருந்த துவாரம் அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. வீரர்கள் கயிற்றோடு ஓடினார்கள். சாங்தே எழுந்தான். ஹேரான் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளிடம் பலமே இல்லை, ஒரு உதறலில் விடுபட்டிருக்கலாம். அவன் உதறவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "அப்பா!" என்று கூப்பிட்டான்.

கீழேயிருந்து அந்தக் கீச்சொலி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.